எழுபது ஆண்டு சுமந்த பலகை

பழைய ஆர்ச்டாப் கிட்டார் ஒன்று கைக்கு வந்தால், வாசிப்பதற்கு முன் அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். சிகாகோவுக்கு வெளியே ஒரு பழம்பொருள் கடையில் போன குளிர்காலத்திலும் அப்படித்தான் பார்த்தேன். வயலினுக்கு இருப்பதுபோல அதன் முகத்தில் இரண்டு எஃப் வடிவத் துளைகள். கைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்ததும், உள்ளே பின்பலகையில் மங்கிய மையில் ஒரு முத்திரை தெரிந்தது: ‘எஃப்-52’. ஹார்மனி கம்பெனி முத்திரை. 52 என்பது 1952. முன்னால் நிற்கும் எழுத்து, இலையுதிர் காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று சேகரிப்பாளர்கள் கொள்கிறார்கள். விலைச்சீட்டில் 225 டாலர் போட்டிருந்தது.

பார்க்க வயதான கிட்டார்தான். நிறம் கறுத்து, அரக்குப் பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்பு. அதெல்லாம் என்னைக் கவலைப்படுத்தவில்லை. அந்த முன்பலகை எழுபது ஆண்டுகளாக ஒரு சுமையைத் தாங்கி நிற்கிறது. எவ்வளவு சுமை, எப்படித் தாங்கியது, எங்கே தளர்ந்தது என்பதைப் படித்துவிட்டால், 225 டாலர் தகுமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கடைகளில் நாம் அதிகம் பார்ப்பது தட்டை முகக் கிட்டார். அதில் கம்பிகள் பிரிட்ஜிலேயே முடிந்துவிடும். (பிரிட்ஜை நம் வீணைக்காரர்களும் வயலின்காரர்களும் குதிரை என்பார்கள். அழகான சொல், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.) அந்தக் குதிரை பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ச்டாப்பில் குதிரையை ஒட்டுவதில்லை. பலகை நடுவில் மேடாக எழும்பியிருக்கும். அந்த மேட்டின்மேல் குதிரை வெறுமனே நிற்கும். கம்பிகள் அதன்மேல் ஏறி இறங்கி, கிட்டாரின் அடிவிளிம்பில் திருகிய டெயில்பீஸ் என்ற உலோகச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும். வயலினிலும் இதே ஏற்பாடுதான். கம்பிகளைக் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும்.

ஆறு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவிசை சுமார் 75 கிலோ. ஓர் ஆளின் எடை. குதிரையின் உச்சியில் கம்பிகள் 12 முதல் 15 பாகை வரை மடங்கிக் கீழே இறங்குகின்றன. அந்த மடிப்பால் குதிரை பலகையை அழுத்தும் விசையைக் கணக்கிட்டால் 15 முதல் 20 கிலோ வருகிறது. 25 கிலோ அரிசி மூட்டையில் ஐந்தாறு கிலோவை அள்ளிவிட்டு, மீதியைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையின் நடுவில் இரவும் பகலும் வைத்திருப்பதுபோல. கிட்டாரின் மொத்த எடையே இரண்டரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

இதைத் தாங்குவது மரத்தின் பலம் மட்டுமில்லை, அதன் வடிவமும்தான். ஓர் அஞ்சலட்டையை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாகப் போட்டு, மேலே தீப்பெட்டி ஒன்றை வையுங்கள், தொய்ந்துவிடும். அதே அட்டையைக் கமான்போல வளைத்து, இரண்டு முனைகளும் புத்தகங்களில் முட்டுமாறு செருகிவிட்டு வையுங்கள். இப்போது பல தீப்பெட்டிகளைத் தாங்கும். வளைந்த பொருள்மேல் விழும் சுமை, அதை மடக்குவதற்குப் பதிலாக அதன் உடல் வழியே ஓரங்களுக்கு இறங்கிவிடுகிறது. செங்கல் கமானில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதும் இதனால்தான். ஆர்ச்டாப்பின் முன்பலகை எல்லாத் திசையிலும் வளைந்த கமான். எடை குறைவாகவும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அது தூண் வேலை மட்டும் பார்க்கவில்லை, ஒலிபெருக்கி வேலையும் பார்க்கிறது.

இந்த யோசனை மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ என்ற ஊரில் பிறந்தது. அங்கே ஆர்வில் கிப்சன் என்பவர் வயலினைப் போல மரத்தைக் குடைந்தெடுத்து மாண்டலினும் கிட்டாரும் செய்தார். மாண்டலின் வடிவமைப்புக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலான கம்பெனி 1902இல் தொடங்கியது. 1922இல் அந்தக் கம்பெனி, லாய்ட் லோர் என்ற இசைக்கலைஞரின் பொறுப்பில் எல்-5 என்ற மாதிரியை வெளியிட்டது. அதுவரை கிட்டார்களுக்கு நடுவில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஒரே துளை இருக்கும். எல்-5இல் வயலினின் எஃப் துளைகள் வந்தன. மேபெல் கார்ட்டர் 1928இல் தன் எல்-5க்குக் கொடுத்தது 275 டாலர். 1934இல் வந்த சூப்பர் 400க்கு அதன் விலையே பெயரானது. நியூயார்க்கில் ஜான் டி’ஆஞ்ஜெலிகோ 1964இல் இறக்கும்வரை தன் சிறு பட்டறையில் செய்தவை ஏறத்தாழ 1,160 கிட்டார்கள்தான்.

ஏன் அவ்வளவு விலை என்பது செய்முறையைப் பார்த்தால் புரியும். தடித்த ஸ்புரூஸ் மரத் துண்டுகள் இரண்டை நடுவில் ஒட்டி, வெளிப்பக்கத்தை மேடாகவும் உள்பக்கத்தைப் பள்ளமாகவும் உளியாலும் சிறிய இழைப்புளியாலும் செதுக்க வேண்டும். வாங்கிய மரத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழும்.

அவ்வளவு பணம் யாரிடம் இருந்தது? சிகாகோ ஆலைகள் இந்தக் கேள்விக்கு வேறு விடை கண்டன. 1892இல் தொடங்கிய ஹார்மனியை 1916இல் சியர்ஸ் நிறுவனம் வாங்கியது. சியர்ஸ் தபால் விற்பனைப் பட்டியல் வழியாகக் கிட்டார்கள் பண்ணை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ‘கே’ என்ற இன்னொரு சிகாகோ கம்பெனி, ரீகல் என்று மூன்றாவது. இவர்கள் பெரும்பாலும் மரத்தைச் செதுக்குவதை விட்டுவிட்டார்கள். மெல்லிய ஸ்புரூஸ் பலகையைச் சூடாக்கி அச்சில் வைத்து அழுத்தினால் வளைவு வந்துவிடும். அதைவிட மலிவு, மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசைபோட்டு அதே அச்சில் அழுத்திய பிளைவுட். அதற்கும் கீழே, பிர்ச் மரத்தில் செய்து, மேலே தூரிகையால் இழை ரேகை வரைந்த மாதிரிகளும் உண்டு. ஹார்மனியின் ஆர்ச்டோன் அந்த ரகம். அதே கம்பெனி 1930களில் ஸ்புரூஸைச் செதுக்கிச் செய்த ஒரு மாதிரிக்குக் கிரெமோனா என்று பெயர் வைத்தது. ஸ்ட்ராடிவாரி வயலின் செய்த இத்தாலிய ஊரின் பெயர் அது.

மலிவு என்பதால் இவற்றைத் தாழ்வாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பால் மெக்கார்ட்னி 1957இல் தன் தந்தை கொடுத்த டிரம்பெட்டைக் கடையில் கொடுத்துவிட்டு வாங்கிய முதல் கிட்டார், ஸெனித் என்ற விலை குறைந்த ஆர்ச்டாப். இடதுகைக்காரர் என்பதால் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டினார். அவருடைய முதல் பாடல்கள் அதில்தான் உருவாயின.

திரும்ப அந்தக் கடைக்கு வருவோம். முழு மரமா, பிளைவுட்டா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எஃப் துளையின் விளிம்பைப் பாருங்கள். பலகை வெட்டப்பட்ட முகம் அங்கேதான் தெரியும். மேலே ஓடும் ரேகைகள் விளிம்பில் மடங்கித் தடிமன் வழியே கீழே இறங்கினால் ஒரே மரம். பிஸ்கட் அடுக்குபோல இரண்டு மூன்று படலம் தெரிந்தால் பிளைவுட். ரேகை விளிம்போடு நின்றுபோய்க் கீழே வேறு நிறத்தில் வெறும் மரம் தெரிந்தால், அது வரைந்த ரேகை. என் கையில் இருந்ததில் ரேகை நேராகக் கீழே இறங்கியது. முழு ஸ்புரூஸ், இந்த விலை ரகத்தில் அழுத்தி வளைத்ததாகத்தான் இருக்கும்.

சந்தோஷப்பட்டேன், கூடவே பயமும் வந்தது. ஸ்புரூஸ் எடைக்கு மீறிய விறைப்புள்ள மரம். இழை ஓடும் திசையில் ஒலி அதற்குள் நொடிக்கு 5 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது, குறுக்கே அதில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு வேகம்தான். நல்ல ஒலிக்கு ஏற்ற மரம் என்பது இதைத்தான். ஆனால் அழுத்தி வளைத்த முழு மரம் தன் பழைய தட்டை வடிவத்தை மறப்பதில்லை. புத்தக அலமாரித் தட்டைப் பாருங்கள். புத்தகங்களை அடுக்கிய அன்று நேராக இருக்கும். பத்து ஆண்டு கழித்து நடுவில் தொய்ந்திருக்கும். புத்தகங்களை எடுத்துவிட்டாலும் முழுதாக நிமிராது. உடைக்கப் போதாத சுமைகூட நீண்ட நாள் நின்றால் மரத்தின் நார்களை நகர்த்திவிடுகிறது. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் இன்னும் வேகமாக. சிகாகோவில் கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டரால் காற்று சருகாக வறண்டுவிடும். அப்படி எழுபது சுற்று.

ஆகவே கிட்டாரின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மலையடிவாரத்திலிருந்து குன்றைப் பார்ப்பதுபோல அந்த வளைவைப் பார்க்க வேண்டும். சரிவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழும்பி இறங்க வேண்டும். குதிரையின் அடியில் மட்டும் கிண்ணம்போல் குழிந்திருந்தால் கமான் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு துண்டுக் காகிதத்தைக் குதிரையின் கால்களுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள்; தாராளமாக உள்ளே போனால் பலகை குதிரையை விட்டு விலகியிருக்கிறது. பிறகு விரல் கணுவால் பலகையை இடம் மாற்றி மாற்றித் தட்டிக் கேளுங்கள். உள்ளே நீளவாட்டில் ஒட்டிய தாங்கு சட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தால், ஓட்டைப் பாத்திரம்போல ஓர் அதிர்வு கேட்கும்.

பிளைவுட்டுக்கு இந்தத் தொய்வும் வெடிப்பும் குறைவு, ஏனென்றால் அடுத்தடுத்த படலங்களில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. ஒலி கொஞ்சம் மங்கல். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், தொய்யாமல் தப்பிய முழு ஸ்புரூஸ் என்பேன். தொய்ந்த ஸ்புரூஸுக்கும் நல்ல பிளைவுட்டுக்கும் நடுவே தேர்வு என்றால் தயங்காமல் பிளைவுட்.

அடுத்தது கழுத்து. மலிவான பழைய கிட்டார்களில் பாதிப் பிழை இங்கேதான் ஒளிந்திருக்கும், இங்கேதான் வாங்குபவர் ஏமாறுவார். கழுத்தின் அடியில் விசிறிபோல விரிந்த ஒரு நாக்கு இருக்கும். உடலில் அதே வடிவத்தில் வெட்டிய குழியில் அது இறங்கி, வஜ்ஜிரத்தால் ஒட்டப்பட்டிருக்கும். நம் தச்சர்கள் காய்ச்சிப் பூசும் அதே விலங்குப் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும். அதனால்தான் பழுது பார்ப்பவரால் ஆவி கொடுத்துக் கழற்ற முடிகிறது, அதே காரணத்தால் வெயிலில் நிறுத்திய காரில் கிட்டாரை விடக்கூடாது. 75 கிலோ இழுவை எந்நேரமும் கழுத்தை முன்னால் மடக்கப் பார்க்கிறது. எழுபது ஆண்டில் அது அரைப் பாகை சாய்ந்தால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பியின் நீளம் சுமார் 64 சென்டிமீட்டர். கழுத்து உடலோடு சேரும் இடம் 14ஆம் மெட்டு (ஃபிரெட்). அங்கிருந்து குதிரை வரை சுமார் 28 சென்டிமீட்டர். அரைப் பாகைச் சாய்வு அந்தத் தூரத்தில் இரண்டரை மில்லிமீட்டராக விரிகிறது. கழுத்தின் நோக்கில் குதிரை அவ்வளவு உயர்ந்துவிட்டது. கம்பியின் நடுப்புள்ளியான 12ஆம் மெட்டில் அதில் பாதி, ஒன்றேகால் மில்லிமீட்டர், கம்பி கூடுதலாக எழும்பிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாத சாய்வு, விரல் நுனியில் வலியாகத் தெரியும்.

ஆர்ச்டாப் குதிரையின் இரு பக்கமும் சிறிய திருகுச் சக்கரங்கள் உண்டு. அவற்றைச் சுழற்றிக் குதிரையை ஏற்றலாம், இறக்கலாம். நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். 12ஆம் மெட்டில் தடித்த கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் இருந்து, சக்கரத்துக்குக் கீழே இன்னும் இறங்க இடமும் இருந்தால் கிட்டார் நலம். குதிரை அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்க, கம்பி இன்னும் உயரத்தில் நின்றால் கழுத்து சாய்ந்துவிட்டது. ‘குதிரையைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும்’ என்று விற்பவர் சொன்னால், இறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். அந்தக் கூலி கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும்.

கழுத்து நடுவில் வில்லாக வளைந்திருக்கிறதா என்பது வேறு சோதனை. ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் அதுவே நேர்கோட்டு அளவுகோல். 7ஆம் மெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். கிப்சன் கம்பெனி கழுத்துக்குள் இறுக்கித் தளர்த்தும் இரும்புக் கம்பிக்கு 1920களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டது. ஹார்மனியின் பல கிட்டார்களில் ‘எஃகால் வலுவூட்டிய கழுத்து’ என்று தலையில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது அசையாத பட்டை, திருகிச் சரிசெய்ய முடியாது. வளைந்திருந்தால் வளைந்ததுதான். நேராக இருந்தால், எழுபது ஆண்டு நேராக நின்றது இனியும் நிற்கும் என்று நம்பலாம். அதற்கு உதவியாக மெல்லிய கம்பி போடுங்கள். ஒரே சுருதிக்குக் கம்பியின் இழுவை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 13 நம்பருக்குப் பதில் 11 நம்பர் போட்டால், மேல் கம்பியின் இழுவை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

தேய்ந்த மெட்டுகள், இறுகிய பிரடைகள், தொலைந்த திருகு எல்லாம் சில்லறை வேலை. ஒன்றே ஒன்று மட்டும் எச்சரிக்கை. கம்பிகளுக்குக் கீழே ஆமை ஓடுபோல மினுங்கும் பழைய தகடு பெரும்பாலும் செல்லுலாய்டு. அந்தக் காலத்துச் சினிமாச் சுருளும் இதே சரக்குதான்.  வயதானால் அது உள்ளேயிருந்து சிதைந்து அமில ஆவியை விடும். தகடு நொறுங்கி, பக்கத்துக் கம்பியும் டெயில்பீஸும் பச்சை பூத்திருந்தால் அதைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மற்ற உலோகத்தையும் தின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வாசித்தேன். குதிரை ஒட்டப்படாததால், கிட்டார் வாங்குபவரே அதை நகர்த்தி இடம் பார்க்க வேண்டும். 12ஆம் மெட்டுக்கு நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் ஒரு மணி ஓசை. அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் இன்னொரு ஓசை. இரண்டும் ஒரே சுருதியில் சேரும்வரை குதிரையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். கடைக்காரர் ‘ஸ்வரம் சேராத கிட்டார்’ என்று விலை குறைத்து எழுதியிருந்ததற்குக் காரணம், யாரோ குதிரையை ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்ததுதான்.

ஒலி வந்தது. தட்டை முகக் கிட்டாரின் நீண்ட கார்வை இதில் கிடைக்காது. அடித்தவுடன் ஒரு கூர்மையான வெடிப்பு, உடனே அடங்கல். கம்பியில் ஏற்றிய ஆற்றல் ஓர் அளவுதான். அதை ஒரே மூச்சில் காற்றுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருக்காது. 1930களின் ஜாஸ் குழுக்களுக்கு இதுதான் வேண்டியிருந்தது. பலர் பித்தளைக் குழல்களை ஊதும் மேடையில், ஒலிபெருக்கி இல்லாத கிட்டார் தாளத்தின் ஒவ்வொரு அடியையும் கேட்க வைக்க வேண்டும். ஃபிரெடி கிரீன் 1937 முதல் 1987இல் இறக்கும்வரை கவுன்ட் பேஸி குழுவில் செய்தது அதைத்தான்: அடிக்கு ஒரு மீட்டல், நாலு அடி, ஐம்பது ஆண்டு.

எஃப் துளைக்கும் இதில் பங்குண்டு. துளை வழியே போகும் காற்று நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் பாய்கிறது. ஆகவே ஒலிக்குக் கணக்கு, துளையின் பரப்பைவிட விளிம்பின் நீளம். வட்டத்தைவிட நீண்டு ஒடுங்கிய துளைக்கு, அதே பரப்பில் விளிம்பு அதிகம். வயலினின் முன்னோர்களில் வட்டமாக இருந்த துளை நூற்றாண்டுகள் கடந்து எஃப் ஆக நீண்டபோது, ஒலித்திறன் கூடிக்கொண்டே வந்ததை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கிரெமோனாவின் கைவினைஞர்களுக்கு இந்தக் கணிதம் தெரியாது. காது இருந்தது.

அந்த ஹார்மனியை 200 டாலருக்குப் பேசி வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு வீட்டின் கேரேஜ் விற்பனையில் ‘கே’ கம்பெனி ஆர்ச்டாப் ஒன்றைப் பார்த்தேன். முன்பலகை வளைவு அப்பழுக்கில்லை. ஆனால் குதிரை அடிமட்டத்தில் உட்கார்ந்திருந்தும் 12ஆம் மெட்டில் கம்பி ஆறு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. கழுத்து போய்விட்டது, என் கணக்குப்படி வேண்டாம் என்று வைத்துவிட்டுக் கார் வரை நடந்தேன்.

அங்கே நின்று யோசித்தபோது பிரிஜ் பூஷண் காப்ரா நினைவுக்கு வந்தார். 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் சந்தூர், புல்லாங்குழலோடு கேட்கும் கிட்டார் அவருடையது. ஆர்ச்டாப்பை மடியில் படுக்க வைத்து, கம்பிகளை மெட்டுக்கு எட்டாமல் வேண்டுமென்றே உயர்த்தி, இரும்புத் துண்டை வழுக்கிக் கமகங்களை எடுத்தார். விஸ்வமோகன் பட் அதே ஆர்ச்டாப் உடலில் கூடுதல் தந்திகள் பூட்டி மோகன் வீணை செய்து, 1994இல் கிராமி விருது வாங்கினார். இரும்பு கம்பியின்மேல் மட்டும் வழுக்கும்போது மெட்டுகளுக்கே வேலையில்லை. ஆறு மில்லிமீட்டர் உயரம் அந்த வாசிப்புக்குத் தேவையானது.

திரும்பிப் போய் 60 டாலர் கொடுத்தேன். அன்று மாலை அதை மடியில் கிடத்தி, ஒரு கனத்த இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து, ‘ஸ’விலிருந்து ‘ப’வுக்கு மெல்ல வழுக்கினேன். வழியில் இருந்த எல்லாச் சுருதிகளும் கேட்டன.